நான்காவது நிமிடம்

முத்தையாபுரம்
6.10.2024

அன்புள்ள நேசா,

நான் சுகமாக இருக்கிறேன். ஜெப்ஸிக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அங்கே தரையில் உட்கார்ந்து எழ முடிகிறதா? மறைக்காமல் எழுது.

கம்பிக்குப் பின்னால் உன்னைப் பார்த்தால் பிள்ளை தாங்கமாட்டாள் என்று எங்களை வரவேண்டாம் என்றாய். ஃபோனிலோ உனக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவர்களின் சத்தம்தான் கேட்கிறது. அதனால் கடிதம். நாற்பத்தெட்டு வயதில் தம்பிக்கு எழுதும் முதல் கடிதம் இது.

தீர்ப்பு வந்த வாரமே என் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கிருந்து நான் பாடம் நடத்தும் கல்லூரிக்கு ஒரே பஸ். ஜெப்ஸிதான் தன் கல்லூரிக்குப் போவதில்லை. பின்னால் உன் ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து பொம்மை செய்கிறாள். உப்பளத்தில் பொறுக்கிய உப்புக் கட்டிகளை அடுக்கிக் கோபுரம், மீன் முள்ளில் வேலி, கட்டைவிரல் உயரத்தில் மனிதர்கள். நீல செலோபன் தாள் சுற்றிய டார்ச்சை அடித்து, புகை போட்டு, கேமராவைத் தரையோடு வைத்து எடுத்தால் கடலுக்கு அடியில் ஒரு ஊர் வந்துவிடுகிறது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு இசையைக் கம்ப்யூட்டரில் சேர்க்கிறாள். பார்க்கும்போதே கேட்கவேண்டுமாம். படம் தன் காலில் நிற்கவேண்டும், துணைக்கு எதற்குப் பாட்டு என்றேன்.

புகைக்குக் கம்ப்யூட்டர் சாம்பிராணி. வாங்கப் போனால் கடைக்காரர் பால்துரை அண்ணாச்சி, "என்ன டீச்சர், தம்பி உள்ள போனதும் சாமிய மாத்திட்டியளோ?" என்கிறார்.

போன வியாழக்கிழமை மத்தியானம் ஜெப்ஸி கேட்டாள். "அத்தை, பொம்பளப்பிள்ள படகுல ஏறுனதாலதான் சிலுவை மாமா செத்தாங்கன்னு திரேஸ்புரத்துல சொல்லுதாங்க. உள்ளதா?"

"ஏளா, கடலுக்கு ஆம்பள பொம்பள தெரியுமா? அவரு சங்கு எடுக்கக் கீழ போனாரு. மேல உங்கப்பா கம்ப்ரசர்ல இருந்து டியூப் வழியா காத்து அனுப்புனான். ஃபில்டர் கெட்டிருந்துச்சு, கெட்ட காத்து போச்சு. அவனே கோர்ட்ல ஒத்துக்கிட்டு ஒன்றரை வருஷம் வாங்கியிருக்கான். நீ கடல் சத்தத்தை ரெக்கார்ட் பண்ணப் போனே. அதுக்கும் இதுக்கும் என்ன?"

"எழுதித் தருவீங்களா?"

எழுதிக் கொடுத்தேன். 'பிப்ரவரி 17 அன்று சிலுவை இறந்ததற்கும் ஜெப்ஸி படகில் இருந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.' கீழே கையெழுத்து, தேதி, இயற்பியல் துறை என்றுகூடப் போட்டேன். அதை ஒர்க்‌ஷாப் சுவரில் ஒட்டியிருக்கிறாள்.

இருமல் வந்தால் அங்குள்ள டாக்டரிடம் சொல். பேசாமல் இருந்துவிடாதே.

உன் அக்கா
ரேச்சல்


பாளையங்கோட்டை
22.10.2024

அன்பான அக்காவுக்கு நேசன் எழுதுவது,

கர்த்தர் என்னைப் படுக்கவிடாமல் நடமாட வைத்திருக்கிறார். உங்களையும் பிள்ளையையும் அப்படியே வைக்கவேண்டும் என்று தினமும் கேட்கிறேன். முழங்கால் பரவாயில்லை. மோட்டார் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை கொடுத்திருக்கிறார்கள். உட்கார ஸ்டூல் உண்டு.

இங்கே வருகிற கடிதமும் போகிற கடிதமும் படித்து, முத்திரை குத்தித்தான் கைமாறும். உங்கள் கடிதத்தைக் கொடுத்தவர், "உம்ம அக்கா கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்குவே" என்றார். அதனால் வீட்டு விஷயம் மட்டும் எழுதுங்கள்.

ஜெப்ஸியை அவள் போக்கில் விடுங்கள். அவள் அம்மா இறந்த வருஷமும் இப்படித்தான் தீப்பெட்டிகளில் வீடு கட்டிக்கொண்டிருந்தாள், அப்போது ஜெப்ஸிக்கு ஒன்பது வயது. தானாக எழுந்து வந்தாள். நீங்கள் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பற்றி இரண்டு தடவை படித்தேன். அது சுவரிலேயே இருக்கட்டும்.

ஒரு உதவி செய்யவேண்டும். கம்ப்ரசரை விற்றுவிடுங்கள். சத்தியராஜிடம் சொன்னால் வந்து தூக்கிக்கொள்வான். கூடவே அந்த நீலத் தார்ப்பாயையும் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஓட்டை விழுந்தது, வீட்டில் கிடக்கவேண்டாம். எரித்தாலும் சரிதான்.

நீங்கள் பஸ்ஸில் நின்றுகொண்டே போவதாக ஜெப்ஸி ஃபோனில் சொன்னாள். இடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி
நேசக்குமார்


முத்தையாபுரம்
17.11.2024

என் அப்பாவுக்கு,

நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். இது அத்தை எழுதச் சொன்னது இல்லை, உண்மைதான். நீங்கள் மெலிந்துவிட்டீர்களா? தாடி வைத்திருக்கிறீர்களா? வைத்தால் நன்றாக இருக்காது.

இந்தக் கடிதத்தோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். வாசலில் நிற்பது யார் என்று தெரிகிறதா? சிலுவை மாமா. எம்-சீலிலும் செம்புக் கம்பியிலும் செய்தேன். சிரிக்க வைக்கத்தான் முடியவில்லை, அரை மில்லிமீட்டரில் பல் எப்படிச் செய்வது? கதை என்னவென்றால், மாமா மேலே வரவில்லை, அங்கேயே வீடு பார்த்துவிட்டார். சங்குகள்தான் அங்கே வீடு. சாயங்காலம் ஆனால் ஒவ்வொரு சங்குக்குள்ளும் விளக்கு எரியும். சீரியல் பல்பைச் செருகியிருக்கிறேன்.

இசையை உங்களுக்கு அனுப்ப முடியாது, அதனால் சொல்கிறேன். அம்மாவின் ஆர்மோனியத்தில் இரண்டே சுரம், மாறி மாறி. அடியில் ஒரு துடிப்பு, கடலுக்கு இதயம் இருந்தால் எப்படி அடிக்குமோ அப்படி. அது உங்களுக்குத் தெரிந்த சத்தம்தான். வந்ததும் கேளுங்கள்.

அத்தை ஸ்கேலோடு வருகிறார்கள். "இந்த ஆளு அஞ்சரை அடின்னா அந்த வாசல் மூணடி. எப்படி உள்ள போவாரு?" என்று எல்லாவற்றையும் இருபத்துநாலில் ஒரு பங்காக மாற்றவைத்துவிட்டார்கள். ஒரு நாள் நான் மேலே ஒரு படகு வைத்துப் புகை போட்டபோது, "புகை இன்ஜின் இருக்க இடத்துல இருந்துதான வரணும்? நீ கண்ட இடத்துல போட்டுட்டு அழகுங்கே" என்றார்கள். படம் சரியாக வராவிட்டால் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கவேண்டும், இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாதாம். எரிச்சலாக இருக்கிறது. ஆனால் படங்கள் நிஜம் மாதிரி ஆகின்றன.

நீங்கள் வரும்வரை நாளைக் கழித்துக்கொண்டிருக்கும்
ஜெப்ஸி


முத்தையாபுரம்
8.12.2024

அன்புள்ள நேசா,

மழை விட்டுவிட்டது. எனக்குச் சளி பிடித்து இறங்கிவிட்டது, பிள்ளை தப்பித்தாள். உனக்குப் போர்வை போதுமா?

கம்ப்ரசரைச் சத்தியராஜ் எடுத்துப் போய்விட்டான். தார்ப்பாயை ஜெப்ஸி கொடுக்கவில்லை. படத்தில் கடலுக்குப் பின்புறமாக அதைத்தான் தொங்கவிடுகிறாள். "இந்த நீலம் வேற எதுல அத்தை வரும்?" என்கிறாள். ஓட்டைத் தார்ப்பாய்க்கு இவ்வளவு பேச்சு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

சிலுவையின் மனைவி மைக்கேலம்மாள் வந்திருந்தாள். ஜெப்ஸிதான் அவள் கணவரின் சட்டை நிறம் கேட்டு ஆள் விட்டிருக்கிறாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து நான் கதவருகில் நின்றேன். அவள் பொம்மையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "எம் மாப்பிள்ளைய இப்பமாவது ஒரு கைக்குள்ள அடக்க முடிஞ்சுதே" என்றாள். பிறகு ஜெப்ஸியின் தலையில் ஒரு தட்டு. "நீ ஏறுனதால கடல் கோவிச்சுக்கிட்டாம்லா? ரெண்டு பிள்ளையையும் வயித்துல வச்சுக்கிட்டு நான் ஏறியிருக்கேன். அப்பம்லாம் அது எங்க போச்சாம்?"

போகும்போது என்னிடம் மட்டும் சொன்னாள். "போட்டோ இருக்கு டீச்சர், சட்டை இருக்கு. குரல்தான் இல்ல. உசுரோட இருக்கவர ரெக்கார்டு பண்ணி வைக்கணும்னு யாருக்குத் தெரியும்? ஒன்பது மாசத்துல எனக்கே மறந்துட்டு."

கொச்சியில் ஒரு கண்காட்சிக்கு ஜெப்ஸியின் படங்களை, இசையோடு, கேட்டிருக்கிறார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்றாலும் அவள் முகம் மாறியிருப்பது உண்மை. இசைக்கு அடியில் வரும் அந்தத் துடிப்பு என்ன என்று கேட்டேன். "அப்பா இன்ஜின் சத்தம்தான் அத்தை, அன்னைக்குப் படகுல எடுத்தது" என்றாள். இன்ஜின் அவ்வளவு மெதுவாகவா சத்தம் போடும்? எனக்குப் புரியவில்லை, உனக்குத் தெரிந்திருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு அங்கே ஆராதனை உண்டா?

அக்கா
ரேச்சல்


பாளையங்கோட்டை
1.1.2025

அன்பான அக்காவுக்கு,

புது வருஷத்தில் உங்கள் இருவருக்கும் குறைவில்லாத பெலன் கிடைக்கட்டும். நான் சுகம். போர்வை போதும்.

அன்றைக்கு அவள் ரெக்கார்ட் செய்தது இன்னும் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இறங்கின அவசரத்தில் அழிந்திருக்கும் என்று நினைத்தேன். அதை அழித்துவிடச் சொல்லுங்கள். இறந்தவர் விஷயம், வைத்திருப்பது நல்லதில்லை. இசைக்கு வேறு சத்தமா கிடைக்காது? கொச்சிக்கும் அனுப்பவேண்டாம்.

நீங்கள் கேட்கவேண்டாம்.

நேசன்


முத்தையாபுரம்
19.1.2025

அன்புள்ள நேசா,

இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் கடிதத்தில் முழங்காலைப் பற்றி ஒரு வரி இல்லை.

கேட்கவேண்டாம் என்று நீ எழுதியிருக்காவிட்டால் கேட்டிருக்கமாட்டேன். ஜெப்ஸி கடைக்குப் போயிருந்தபோது அவள் ஃபோனில் இருப்பதை முழுவதும் கேட்டேன். இருபத்து மூன்று நிமிடம்.

முதலில் சிலுவை பேசுகிறார். "ஏ புள்ள, கடல் என்ன சொல்லுதுன்னு கேட்டுச் சொல்லு. இருபது வருசமா எங்கிட்ட ஒண்ணும் பேசல. எம் பொஞ்சாதி பேசுததுல ஒரு வார்த்த அதுக்குக் குடுத்தா என்ன?" நீ சிரிக்கிறாய். பிறகு அவர் குதிக்கிற சத்தம். பிறகு இன்ஜின், காது வலிக்கிறது. நான்காவது நிமிடத்தில் ஜெப்ஸி உன்னிடம் ஒன்று கேட்கிறாள். நீ ஒரு வார்த்தை சொல்கிறாய். அதிலிருந்து பதினைந்தாவது நிமிடம் வரை இன்ஜின் சத்தம் போர்வைக்குள் போனதுபோல் அடங்கிவிடுகிறது. அந்தப் பதினொரு நிமிடம்தான் அவள் இசையில் அடிக்கிற துடிப்பு.

நான் இயற்பியல் படித்தவள். எதனால் மூடினால் சத்தம் அப்படி அடங்கும், மூடினால் வேறு எதெல்லாம் உள்ளேயே அடங்கும் என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. நீ ஏன் ஒரு ஓட்டைத் தார்ப்பாயை எரிக்கச் சொன்னாய் என்பதும் இப்போது புரிகிறது.

ஒரே ஒரு கேள்வி. ஃபில்டர்தானா?

சுவரில் என் கையெழுத்து இருக்கிறது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போய் வருகிறேன்.

ரேச்சல்


10.2.2025

அக்கா,

இதைக் கொண்டுவருகிற சுந்தர்சிங் நேற்று வரை என் பக்கத்தில் படுத்திருந்தவர். நல்ல மனிதர், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். இதில் முத்திரை இருக்காது. அதனால் நேராக எழுதுகிறேன்.

ஃபில்டர் இல்லை. அது ஒன்றரை வருஷமாகப் பழசு. எண்ணெய் நாற்றம் வரும், ஆள் சாகமாட்டான்.

காற்று இழுக்கிற குழாயை எப்போதும் ஒரு மூங்கிலில் கட்டிக் காற்று வரும் பக்கமாகத் தூக்கி வைப்பேன். அன்றைக்கு மூங்கில் முறிந்திருந்தது. குழாயின் வாய் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. வெட்டவெளியில் காற்று அடித்ததால் போதும் என்று விட்டேன். ஜெப்ஸி, "சத்தம் தாங்கல அப்பா, கடலே கேக்கல, தார்ப்பாயப் போட்டுக்கிடட்டா?" என்றாள். "போடு மக்கா, பத்து நிமிசம்தான்" என்றேன். அவள் போட்டாள். இன்ஜினும் குழாய் வாயும் ஒரே கூடாரத்துக்குள் போயின. சைலன்சர் புகை முழுவதும் கீழே அவருக்குப் போயிற்று.

எனக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருஷம் இன்ஜின் பார்த்தவன். பிள்ளை அத்தனை சந்தோஷமாகக் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். நினைவு வந்து தார்ப்பாயை இழுத்தபோது அவர் இடுப்பிலிருந்து வரும் கயிற்றில் அசைவு இல்லை. கரைக்கு வருமுன் தார்ப்பாயை மடித்துப் படகின் முன்முனையில், அணியத்துக்குள் தள்ளினேன்.

தார்ப்பாய் போட்டது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால் என்ன ஆயிற்று என்று தெரியாது. ஒன்றரை வருஷம் நான் இருப்பது சிலுவைக்காக. ஃபில்டர் என்று சொன்னது அவளுக்காக. அக்கா, அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களிடம் நான் வேறு ஒன்றும் கேட்டதில்லை.

நேசன்


முத்தையாபுரம்
2.3.2025

அன்புள்ள நேசா,

உன் நண்பர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். நாங்கள் சுகம் என்று எழுதுவது வழக்கம். உடம்பைப் பொறுத்தவரை சுகம்தான்.

நீ கேட்டதைச் செய்கிறேன். வகுப்பில் தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருக்கிறேன். தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொண்டதில்லை. இப்போது காப்பி கலக்கும்போது, துணி மடிக்கும்போது, எல்லா நேரமும் வைத்துக்கொள்கிறேன். மைக்கேலம்மாள் இரண்டு தடவை வந்துபோனாள். அவள் தேடுகிற குரல் மேஜையில், அவள் கை எட்டும் தூரத்தில் கிடந்தது. கொடுத்தால் அவள் முழுவதும் கேட்பாள். அதனால் கொடுக்கவில்லை. இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

கொச்சிக்குக் கடைசியாக ஒரு படம் வேண்டுமாம். ஜெப்ஸி படகையே செய்கிறாள். ஒரு மீன் தொட்டி நிறையத் தண்ணீர், அடியில் உப்பு ஊருக்குப் பதில் சலவைக்கல் ஊர், நடுவில் சிலுவை. மேலே பலகையில் படகு, அதற்குள் மீன் தொட்டிக்குக் காற்று விடும் சின்ன மோட்டார். அதிலிருந்து மெல்லிய டியூப் அவர் வாய்க்கு இறங்குகிறது. நிஜமாகவே குமிழி வரவேண்டுமாம். இன்ஜின் இருக்கும் இடத்தில் சாம்பிராணி.

"புகை வேண்டாம், பழசாகிவிட்டது" என்றேன். "நீங்கதான அத்தை புகை இன்ஜின்ல இருந்து வரணும்னு சொன்னீங்க?" என்றாள். படகில் போட வைத்திருந்த ஒரு நீலத் துணித் துண்டு காணாமல் போயிற்று. எங்கே போயிற்று என்று உனக்குத் தெரியும், அடுப்புக்கும் தெரியும். அவள் அரை மணி நேரம் தேடினாள். பிறகு பின்னால் தொங்கும் பெரிய தார்ப்பாயிலிருந்தே ஒரு துண்டை வெட்டிக்கொண்டாள், இருபத்துநாலில் ஒரு பங்கு, ஸ்கேல் வைத்து.

நாளை முதல் எட்டு நாள் விடைத்தாள் திருத்தத் திருநெல்வேலி போகவேண்டும். மறுத்துப் பார்த்தேன், விடவில்லை. மீன் தொட்டி மோட்டாரின் ஒயரைப் பிடுங்கி வைத்தேன். அவள் உன் மகள் அல்லவா, ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டாள்.

உன் அக்கா


முத்தையாபுரம்
12.3.2025

அப்பா,

நலம் கேட்க இன்றைக்கு முடியவில்லை. இதை யார் படித்து முத்திரை குத்தினாலும் குத்தட்டும்.

முதலில் தார்ப்பாய் இல்லாமல் எடுத்தேன். குமிழிகள் கண்ணாடி மாதிரி வந்தன, படத்தில் தெரியவே இல்லை. அன்றைக்கு இருந்தது போலவே இருக்கட்டும் என்று தார்ப்பாய்த் துண்டைப் போட்டேன். கேமராவில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் கழித்து டியூப் வழியாகப் புகை இறங்கியது. குமிழிகள் பால் நிறத்தில் வந்தன. ஒவ்வொன்றும் மேலே வந்து உடைந்து ஒரு துளி புகையை விட்டது. அத்தனை அழகாக இருந்தது. நான் பதினொரு படம் எடுத்தேன். பன்னிரண்டாவது எடுக்கும்போதுதான் எதைப் பார்க்கிறேன் என்று தெரிந்தது.

அத்தை சொல்லித்தந்தபடி செய்தேன். முதலில் தார்ப்பாயை மட்டும் எடுத்தேன், குமிழி தெளிந்தது. பிறகு மோட்டார் காற்று இழுக்கும் ஓட்டையில், கெட்ட ஃபில்டருக்குப் பதிலாக, அழுக்குப் பஞ்சு வைத்தேன். அப்போதும் குமிழி தெளிவாகவே வந்தது. பஞ்சை எடுத்தேன், தெளிவு மாறவில்லை. தார்ப்பாயைப் போட்டேன். வெள்ளை. மூன்று தடவை அப்படியே.

சிலுவை மாமா கையில் சங்கோடு நின்றுகொண்டே இருந்தார். சாம்பிராணி தீரும்வரை நான் மோட்டாரை நிறுத்தவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

ஒரு வருஷமாக அந்தப் பதினொரு நிமிடத்துக்கு மேல்தான் ஆர்மோனியம் வாசித்திருக்கிறேன்.

அத்தை திருநெல்வேலியிலிருந்து திரும்பியதும், சுவரில் இருந்த காகிதத்தை எடுத்து மடித்து அவர்கள் பைக்குள் வைத்துவிட்டேன். அவர்கள் முகத்தைப் பார்த்தேன். அவர்களுக்கும் தெரியும்.

ஜெப்ஸி


பாளையங்கோட்டை
20.3.2025

என் மகளுக்கு,

உன் கடிதம் முத்திரையோடு வந்தது. கொடுத்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை.

நீ கேட்டாய், நான் போடு என்றேன். அது அந்த ரெக்கார்டில் இருக்கிறது, இசைக்காக நீ வெட்டி ஒதுக்கிய பகுதியில். மறுபடி கேள். குழாய் வாய் கீழே கிடந்தது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தெரிந்தவன் போடு என்றால் போட்டது தெரிந்தவன் கைதான். கோர்ட்டில் காரணத்தை மாற்றிச் சொன்னேன், குற்றவாளியை மாற்றிச் சொல்லவில்லை.

சாப்பிடு. ஒரு வரியாவது எழுது. வெற்றுத் தாளை மடித்துப் போட்டாலும் போதும்.

அப்பா


முத்தையாபுரம்
11.5.2025

அன்புள்ள நேசா,

உன் ஐந்து கடிதங்களும் வந்தன. அவள் எழுதமாட்டாள், அதனால் நான் எழுதுகிறேன். சாப்பிடுகிறாள். மெலிந்திருக்கிறாள். வெயில் கடுமை. உன் முழங்காலுக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன், தேய்த்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "அப்பா போடுன்னாங்க, உள்ளதுதான். ஆனா போட்டது நான்லா" என்றாள். அதற்கு மேல் உன்னைப் பற்றிப் பேசவில்லை. கொச்சிக்கு அனுப்பவில்லை. தொட்டித் தண்ணீரை வேப்பமரத்தடியில் ஊற்றினாள். உப்பு ஊர் இருந்த பலகையை முற்றத்தில் வைத்தாள், கோடை மழை ஒன்று வந்து கரைத்துக்கொண்டு போயிற்று. தார்ப்பாய் மட்டும் மடித்து அலமாரியில் இருக்கிறது. எரிக்க விடமாட்டேன் என்கிறாள்.

ஏப்ரல் பதினைந்தாம் தேதி ஃபோனை எடுத்துக்கொண்டு திரேஸ்புரம் புறப்பட்டாள். தடுக்க எனக்கு யோக்கியதை இல்லை. கூடவே போனேன். மைக்கேலம்மாள் வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மாமா அன்னைக்குப் பேசுனது இதுல இருக்கு" என்றாள் ஜெப்ஸி. "முழுசும் கேளுங்க. கேட்டுட்டு என்னைய என்ன செய்யணுமோ செய்யுங்க."

"உன்னைய என்னத்துக்குளா செய்யணும்?"

"முழுசும் கேளுங்க."

கையைக் கழுவிவிட்டு வந்து வாங்கினாள். சிலுவை பேசினார். கடலுக்குத் தன் பொஞ்சாதியின் பேச்சில் ஒரு வார்த்தை கொடுக்கச் சொன்னார். அவள் ஃபோனைக் காதருகே கொண்டுபோனாள். பிறகு, "பாவி, கடல்லயும் எங் கதைதானா பேசியிருக்கான்" என்று சிரித்தாள், சேலை முனையை வாயில் வைத்துக்கொண்டு. குதிக்கிற சத்தம் வந்தது. விரலால் தள்ளி முதலிலிருந்து போட்டாள். மறுபடியும் குதித்தார். மறுபடியும் முதலிலிருந்து. ஏழெட்டுத் தடவை. ஜெப்ஸி என் கையைப் பிடித்திருந்தாள், எலும்பு வலித்தது.

"அதுக்கு அப்புறமும் இருக்கு" என்றாள் ஜெப்ஸி.

"இருக்கட்டும். இன்னைக்கு இம்புட்டுப் போதும். சார்ஜரக் குடுத்துட்டுப் போ."

இருபத்தாறு நாள் ஆகிறது. ஜெப்ஸி தினமும் சாயங்காலம் பஸ் ஏறிப் போகிறாள். மீன் ஆய்ந்து கொடுக்கிறாள், தண்ணீர் பிடித்து வைக்கிறாள், வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே சிலுவையின் குரல் கேட்கிறது. வாயால் சொல்லிவிடேன் என்றேன். "சொன்னா நான் சின்னப்பிள்ள, தெரியாமச் செஞ்சேன்னு அவங்களே எனக்குச் சமாதானம் சொல்லிருவாங்க அத்தை. அந்தச் சத்தத்தை அவங்க கேக்கணும்" என்கிறாள். கேளுங்கள் என்று ஒவ்வொரு நாளும் சொல்கிறாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை.

போன சனிக்கிழமை மீன் மார்க்கெட்டில் மைக்கேலம்மாளைத் தனியாகப் பார்த்து, முழுசும் கேட்டாளா என்று கேட்டேன்.

"அதுக்கு அங்கிட்டு என்ன டீச்சர் இருக்கு? அவரு தண்ணிக்குள்ள போயிட்டாருல்லா" என்றாள். கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என்னை ஒரு நிமிடம் நேராகப் பார்த்தாள். தெரிந்த பார்வையா, தெரியவேண்டாம் என்ற பார்வையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. எதையும் நிரூபிக்கக் கேட்பவள் நான். அங்கே கேட்கவில்லை.

நான் கையெழுத்துப் போட்ட காகிதம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. கிழிக்கவில்லை.

நீ வெளியே வரும் நாளில் நேராக வீட்டுக்கு வராதே. திரேஸ்புரத்துக்குப் போ. உன் குரலும் அந்த ஃபோனில்தான் இருக்கிறது. நேற்று ஜெப்ஸியைக் கூட்டிவரப் போயிருந்தேன். சிலுவை பேசி முடித்துத் தண்ணீரில் குதித்ததும், மைக்கேலம்மாளின் கட்டைவிரல் தானாக முதலுக்குத் திரும்பியது. வாசற்படியில் ஜெப்ஸி தலையை லேசாகச் சாய்த்து, அன்றைக்குப் படகில் உட்கார்ந்திருந்ததாக நீ எழுதினாயே அப்படி, கண்ணை மூடிக்கொண்டு, அந்த விரல் தள்ளாமல் விடுவதற்காகக் காத்திருந்தாள்.

ரேச்சல்